ஜனவரியில் நனைந்த சாக்ஸ்

என்னுடைய பிரிவு உபசார விழாவில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸில், ‘பணி ஓய்வு பெறும் எங்கள் பள்ளி ஆலோசகருக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்’ என்று அச்சாகியிருந்தது. எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. கோயம்புத்தூரில் புதிய ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறிப் போகிறேன், அவ்வளவுதான். பிரின்சிபல் சாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“ஃபிளெக்ஸ் கடைக்காரன்கிட்ட அந்த ஒரு டிசைன்தானுங்க மேடம் இருக்குது. சால்வையும் சுவர்க் கடிகாரமும்கூட அதுக்குத் தகுந்த மாதிரியே வாங்கியாச்சு” என்றார்.

பி.டி. சார் எல்லா ஓய்வு விழாக்களிலும் பேசும் அதே பேச்சை எனக்கும் பேசினார். இனி நான் பேரக்குழந்தைகளோடு நிம்மதியாகப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்று வாழ்த்தினார். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது மூன்றாவது வரிசையில் இருந்த சிலருக்குத்தான் உறைத்தது. அவர்கள் மட்டும் சிரிப்பை அடக்கிக் குனிந்துகொண்டார்கள்.

ஆகவே, முறைப்படி சால்வை போர்த்தப்பட்டவள் என்ற தகுதியில், இந்த மலைப் பள்ளிகளில் புதிதாகச் சேரப்போகும் உங்களிடம் கொஞ்சம் பேசுகிறேன். நான் பட்டியல் போடும் ஆள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் உளவியல் படித்தேன். காய்கறி வாங்கப் போனாலும் எண் போட்டுத்தான் எழுதுவேன். உங்களுக்காகவும் ஒரு பட்டியல் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாம் ஆலோசகர்களுக்கான கையேட்டில் இருப்பவை. கையேட்டில் இல்லாத ஒன்றே ஒன்றுதான் தேறியது. அது சாக்ஸ்.

முதலில் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிறது. எனக்குக் கொடுத்த அறை அதற்கு முன்பு ஹாக்கி மட்டைகளும் கிழிந்த வலைகளும் கிடந்த இடம். சுவரில் ஈரம் ஏறி, எந்த ஊருக்கும் பொருந்தாத ஒரு வரைபடம் தானாக உருவாகியிருந்தது. கதவு மழையில் ஊதிப்போய், முழுதாகச் சாத்தவே முடியாது. ரகசியம் காப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி. முதல் விதியையே என் கதவு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே ‘ஆலோசனை அறை’ என்று பலகை மாட்டினேன். உள்ளே, ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி ஒட்டினேன். மனம் விட்டுப் பேச யாரும் வரவில்லை.

வரமாட்டார்கள். உங்களுக்கும் முதலில் வரமாட்டார்கள். அந்தக் கதவுக்குள் நுழைந்தவனுக்கு மறுநாள் வகுப்பில் ‘கேஸு’ என்று பெயர். என் அறையைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலுக்குக் கீழே குனிந்து ஓடுவார்கள், உள்ளே நான் ஏதோ வலை வைத்துப் பிடிப்பது போல. வலைகள் அந்த அறையில் கிடந்தது உண்மைதான்.

ஜூனில் மழை தொடங்கியது. இந்த மலையில் மழை மேலிருந்து மட்டும் வராது. பக்கவாட்டிலும் வரும், சில நாட்களில் கீழிருந்தும் வரும். சுவரின் பூஞ்சைக்குப் பயந்து நான் வீட்டிலிருந்து ஒரு ரூம் ஹீட்டர் கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் காலை, ஆறாம் வகுப்பு வெண்ணிலா கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினாள்.

“மிஸ், எனக்குப் பிரச்சனை எல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“நல்லதாப் போச்சு. அப்புறம்?”

“சாக்ஸு மட்டும் காயவெச்சுக்கட்டுங்களா?”

ஹீட்டருக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, அவளுடைய தோழி இரண்டு நாளாக அவளோடு பேசாததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சாக்ஸ் காய்ந்ததும் நிறுத்தினாள். போட்டுக்கொண்டாள். போய்விட்டாள்.

அந்த வாரமே பள்ளியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நாற்காலிகளின் முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் சாக்ஸ். அந்த மணம் என் ஸ்வெட்டரில் ஏறி, கோத்தகிரி பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் அதிக நேரம் வீறாப்பாக இருக்க முடியாது. சாக்ஸ் காய எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேச்சு. எழுந்து போக ஒரு நியாயமான காரணம் தயாராக நாற்காலியில் தொங்கிக்கொண்டிருப்பதால், உட்காரவும் பயமில்லை.

இந்தப் பொற்காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. பெற்றோர் சங்கத்துக்காரர்கள் ஒருநாள் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். என் அறை வாசலில் அவர்களுடைய மூக்கு ஒரே நேரத்தில் சுருங்கியது. அவர்கள் போனதும் பிரின்சிபல் சார் திரும்பி வந்தார்.

“ஏனுங்க மேடம், இது கவுன்சிலிங் ரூமுங்களா, சலவைக் கடைங்களா?”

“சார், சாக்ஸ் காயற நேரத்துல பிள்ளைங்க பேசறாங்க.”

“பேசட்டுமுங்க. பிரச்சனை இருக்கறவங்க மட்டும் வந்து பேசட்டும். சும்மா சாக்ஸுக்காக வர்றவங்களை உள்ளே விடாதீங்க.”

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் பிரச்சனை வந்துவிட்டது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எதிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றான். எந்த எதிர்காலம் என்று கேட்டேன். அடுத்த பீரியட், கணக்கு. இரட்டையரில் ஒருவன் தனிமை தன்னை வாட்டுவதாகச் சொன்னான். சொல்லும்போது அவனுடைய இடுப்பை இடித்துக்கொண்டு இன்னொருவன் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மாற்றாந்தாய்க் கொடுமையை ஒருவன் அழுதுகொண்டே சொன்னான், நிஜக் கண்ணீர். அவனைப் பெற்ற தாய் எங்கள் பள்ளியின் தமிழ் ஆசிரியை. அப்போது பக்கத்து ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கதவு சாத்தாது என்று முன்பே சொன்னேன். அவர் டம்ளரோடு எழுந்து வந்து, “சாயங்காலம் வீட்டுக்கு வா, கொடுமைன்னா என்னன்னு காட்டறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே பிரச்சனையோடு இருவர் வந்த நாளும் உண்டு.

“மிஸ், அது என்னோட பிரச்சனைங்க. நேத்து லஞ்ச்ல இவன்கிட்டச் சொல்லிப் பாத்தேன், இவன் எடுத்துக்கிட்டான்.”

ஒன்பதாம் வகுப்பு கிரி வந்தது அந்த நாட்களில்தான். கிரிதரன். குன்னூர் மார்க்கெட் பக்கம் அவர்களுக்கு ஒரு சின்ன பேக்கரி. அவனுடைய பிரச்சனை, “எங்கூட்டுப் பூனை என்னைய மதிக்கறதே இல்லீங்க மிஸ்.”

பூனை யாரை மதிக்கிறது, எப்போதிலிருந்து இந்த நிலை, அவன் அதற்கு என்ன செய்து பார்த்தான் என்று வரிசையாகக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். சிரிக்கிறேனா என்று பார்த்தான். நான் சிரிக்கவில்லை. இது எனக்குப் பழைய வேலையில் கற்ற பாடம். புதிய மென்பொருளுக்குள் யாரும் முதலிலேயே உண்மையான தகவலைப் போட மாட்டார்கள். ஒன்றுக்கும் உதவாத ஏதாவதைப் போட்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். பூனையை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துத்தான் பிள்ளை அடுத்ததைக் கொண்டுவரும். சில பிள்ளைகள் கொண்டுவருவதே இல்லை. அதுவும் பரவாயில்லை, பூனைக்காவது நல்லது.

மாதக் கடைசியில் பிரின்சிபல் சார் என் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னுங்க மேடம், நம்ம பள்ளிக்கோடத்துல இத்தனை பிரச்சனைங்களா? ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒண்ணுமில்லாமத்தானுங்க இருந்துச்சு? தாளாளர் இதைப் பாத்தா என்னையத்தான் உங்ககிட்ட அனுப்புவாரு.”

“பிரச்சனை இருக்கறவங்கதான் வரணும்னு நீங்க சொன்னீங்க சார்.”

அவர் சிறிது நேரம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

“சாக்ஸே இருக்கட்டுமுங்க” என்றார்.

இப்படித்தான் எங்கள் பள்ளியில் மனநலச் சேவை நிலைபெற்றது. ஆலோசனை அறைக்குப் போவது அவமானம் என்பது போய், சாக்ஸுக்காகப் போகிறோம் என்பது வழக்கமாகிவிட்டது. யார் எதற்குப் போகிறார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த மறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே ஜனவரியில்தான் புரிந்தது.

ஜனவரியில் இங்கே மழை கிடையாது. காலையில் பனி, பத்து மணிக்கு மேல் கண்ணாடி மாதிரி வெயில். ஒரு துளி ஈரம் கிடையாது. என் அறை மறுபடியும் காலியாகிவிட்டது. காரணம் இல்லாமல் உள்ளே வந்தால் மறுபடி ‘கேஸு’தானே. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில், கிரி வந்து நின்றான். அவனுடைய சாக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சாக்ஸு நனைஞ்சுருச்சுங்க மிஸ்.”

நான் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நீல வானம். மைதானத்தில் பையன்கள் தூசி கிளப்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் குடிதண்ணீர்க் குழாய். குழாயிலிருந்து என் அறை வரைக்கும் ஈரமான காலடித் தடம்.

இந்த இடத்தில் கேட்கத் தோன்றும் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்காதீர்கள். நான் ஹீட்டரைப் போட்டு, நாற்காலியைத் திருப்பினேன்.

“மாட்டு. பூனை எப்படி இருக்கு?”

“பூனை பரவாயில்லீங்க மிஸ்.”

மாட்டிவிட்டு உட்கார்ந்தான். நன்றாக நனைத்திருந்தான், காய நேரமாகும் என்று கணக்குப் போட்டே நனைத்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

“எங்கப்பாவும் அம்மாவும் தீபாவளியிலிருந்து பேசறதில்லீங்க மிஸ். எல்லாம் எம் மூலமாத்தான்.”

பேக்கரியில் அப்பா பின்னால் அடுப்படியில், அம்மா முன்னால் கல்லாவில். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னத் திறப்பு. ஒருவர் மூச்சுவிட்டால் இன்னொருவருக்குக் கேட்கும். ஆனாலும் கிரி நடுவில் நிற்க வேண்டும். அவன் பள்ளியில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“கஸ்டமர் மூலமாப் பேசிக்கறாங்க. ‘அண்ணா, உள்ளே இருக்கறவருகிட்ட பிரெட்டு தீந்துருச்சுன்னு சொல்லிருங்க’ம்பாங்க அம்மா. அவங்களும் எட்டிப் பாத்துச் சொல்லிட்டு, பன்னை வாங்கிட்டுப் போயிருவாங்க.”

சண்டைக்குக் காரணம் வர்க்கி, இந்த மலையில் டீயோடு கடித்துக்கொள்ளும் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அப்பா போட்ட வர்க்கியைக் கடித்துவிட்டு, “மாப்ள, இது கல்லு மாதிரி இருக்குது, கொஞ்சம் கருகியும் போச்சு” என்றாராம். அம்மா சிரித்துவிட்டாராம். அவ்வளவுதான்.

“சரி, நீ சேதி சொல்றதுல என்ன கஷ்டம்?”

அவன் கால் விரல்களைப் பார்த்தான்.

“அவங்க சொல்றதை அப்படியே சொன்னா இன்னும் சண்டையாகுங்க மிஸ். அதனால கொஞ்சம் மாத்திச் சொல்லுவேன்.”

மாற்றிய விதத்தையும் சொன்னான். ‘பன்னு வேகலை, ஊரே திட்டுது’ என்று அம்மா சொன்னால், ‘இன்னும் ஒரு நிமிஷம் விட்டா ஊரே பாராட்டும்னு அம்மா சொன்னாங்க’ என்பான். ‘இவ எந்தக் காலேஜுல பேக்கரி படிச்சாளாம்’ என்று அப்பா கேட்டால், ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்பா சொன்னாரு’ என்பான். ஆரம்பத்தில் ஒரு சொல், இரண்டு சொல். பிறகு கை பழகிவிட்டது. யாரும் எதுவும் சொல்லாத நாட்களிலும் பாராட்டுகளை உற்பத்தி செய்து இரண்டு பக்கமும் விநியோகித்திருக்கிறான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்பா வரமாட்டேன் என்று விடுவாரோ என்று பயந்து, கிரி ஒரு பெரிய வேலை செய்திருந்தான். மாமா அன்றைக்குச் சொன்னதற்கு ரொம்ப வருத்தப்பட்டதாகவும், விருந்தாளிகளுக்குக் கொடுக்க அப்பாவின் வர்க்கிதான் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்திருப்பதாகவும் அப்பாவிடம் சொல்லிவிட்டான். மாமாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவிடம், ‘மச்சான்கிட்ட நானே போய்ப் பேசறேன்’ என்று அப்பா சொன்னதாகச் சொல்லிவிட்டான்.

“அப்பா டின்னெல்லாம் கழுவிக் காயவெச்சுட்டாருங்க மிஸ். பாட்டுப் பாடிட்டே மாவு பிசையறாரு.” அவனுடைய குரல் கொஞ்சம் உள்ளே போனது. “அங்க போய் டின்னோட நிப்பாரு. மாமா, ‘இது எதுக்கு’ன்னு கேப்பாரு. எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. அம்மா என்னையப் பாப்பாங்க. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் எப்பவுமே பேச மாட்டாங்க மிஸ். என்னாலதான்.”

இங்கே என் பட்டியல் மூளை உடனே வேலை செய்தது. வழிகளை எழுதினேன். உண்மையைப் பெற்றோரிடம் நானே சொல்லிவிடுவது. மாமாவைப் பிடித்து நிஜமாகவே ஆர்டர் கொடுக்கச் சொல்வது. கிரி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தான்: “எனக்கு அம்மை போட்டுருச்சுன்னு நீங்களே சொல்லிருங்க மிஸ். யாரும் போக மாட்டாங்க.”

பார்த்தீர்களா, எல்லாம் ஒரே வகை. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கத்துக்கும் எதையாவது சொல்கிறார். அவன் செய்ததையே நான் இன்னும் கொஞ்சம் படித்த தமிழில் செய்யப் பார்க்கிறேன். பேனாவை மூடினேன். ஞாயிற்றுக்கிழமையைச் சரிசெய்வது என் வேலை இல்லை. இந்தப் பையனை அந்த வேலையிலிருந்து எடுப்பதுதான் என் வேலை.

“கிரி, நீ மாத்திச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே சேதி கொண்டுபோக உன்னால முடியாதுன்னு மட்டும் சொல்லலாமா? அவங்களை இங்க வரச் சொல்லட்டுமா?”

அவன் எழுந்து சாக்ஸைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஈரம். மறுபடி உட்கார்ந்தான்.

“அதை மட்டும்னா சொல்லுங்க மிஸ்.”

வியாழக்கிழமை மாலை இருவரும் வந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்து, பள்ளி வாசலிலிருந்து என் அறை வரைக்கும் முன்னும் பின்னுமாக நடந்து வந்தார்கள். அப்பா தலைமுடியில் கொஞ்சம் மைதா. அம்மா பச்சைச் சேலை, மேலே ஸ்வெட்டர். கிரி அன்றைக்கும் குழாயில் கால் நனைத்திருந்தான், பழக்கதோஷம். சாக்ஸ் நாற்காலி முதுகில் தொங்கியது. அவனை வெளியே நிற்கச் சொன்னேன்.

அம்மா சுவரின் ஈர வரைபடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். அப்பா ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ சுவரொட்டியைப் பார்த்து உட்கார்ந்தார்.

“மேடம், ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்குக் கெளம்பறதுன்னு அவரைக் கேளுங்க” என்றார் அம்மா.

“அஞ்சரை பஸ்ஸுக்குன்னு சொல்லுங்க மேடம்” என்றார் அப்பா.

நான் திரும்பி, “அஞ்சரை…” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அது மட்டுமில்லை, ‘உங்களுக்கு வசதிப்பட்டால்’ என்று சேர்த்துக்கொள்ளலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது. கிரி எப்படி இதில் மாட்டினான் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நடுவில் ஒரு நாற்காலி இருந்தால் போதும், அந்த வேலை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

“கிரி இனிமேல் யாருக்கும் சேதி கொண்டுபோக மாட்டான். அதை உங்ககிட்டச் சொல்லச் சொல்லித்தான் என்னைக் கேட்டுக்கிட்டான். நானும் கொண்டுபோக மாட்டேன்” என்றேன்.

அப்பா உண்மையான குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

“அப்ப நாங்க எப்படிங்க மேடம் பேசிக்கறது?”

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. நான் எழுந்து, “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கதவை அது ஒப்புக்கொள்ளும் வரைக்கும் சாத்தினேன்.

வராந்தாவில் கிரி வெறுங்காலோடு நின்றான். பிரின்சிபல் சார் ரவுண்ட்ஸ் வந்தார்.

“ஏனுங்க மேடம், ரூமை உட்டுப்போட்டு வெளிய நிக்கறீங்க?”

“உள்ளே கவுன்சிலிங் நடக்குது சார்.”

“நீங்க இல்லாமயா?”

“ஆமா சார்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களோடு நின்றுகொண்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இந்த அமைதியைத்தான் உங்களால் தாங்க முடியாது, சொல்லிவைக்கிறேன். கதவைத் திறந்து ஏதாவது சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று கை பரபரத்தது. கிரிக்கும் அதே பரபரப்பு, கதவையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தான். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். யாரோ எழுந்தார்கள். பிறகு ஒரு வாசனை. எப்போதும் உள்ள வாசனை இல்லை, அதன் அடுத்த கட்டம்.

“ஏனுங்க! சாக்ஸு கருகுதுங்க!” என்று அம்மாவின் குரல் வந்தது.

கிரி என் கையைப் பிடித்துக்கொண்டான். தீபாவளிக்குப் பிறகு முதல் நேரடி வாக்கியம்.

நடந்தது இதுதான். பேச ஆளில்லாமல், கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாமல், அப்பா எழுந்து மகனின் ஈர சாக்ஸை எடுத்து ஹீட்டரின் கம்பி மேலேயே வைத்திருக்கிறார். சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததா. இதை நான் திட்டமிட்டேன் என்று யாரும் பயிற்சிக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். ஹீட்டர் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பதும் என் பட்டியலில் உண்டு.

“கருகலை அம்மிணி” என்றார் அப்பா. “செவந்துருக்குது.”

அப்புறம் அம்மா சிரித்தார். அதே சிரிப்புதானே எல்லாவற்றையும் கெடுத்தது. கிரி என் கையை இறுக்கினான்.

“சிரி. அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்ச, உங்கண்ணனோட சேந்துக்கிட்டு.”

“எங்கண்ணன் சொன்னதுக்கு நான் எங்கீங்க சிரிச்சேன்? நீங்க முழிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் சிரிச்சேன்.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?”

“நீங்கதான் அடுப்படிக்குள்ள போயிட்டீங்களே.”

“சரி உடு. உங்கண்ணன்தான் வருத்தப்பட்டு ஆர்டரு குடுத்துட்டானே.”

“எங்கண்ணனா? என்ன ஆர்டருங்க?”

கிரி கண்ணை மூடிக்கொண்டான். பிரின்சிபல் சார் என் காதருகே குனிந்து, “என்னுங்க மேடம் ஆர்டரு?” என்றார். நான் உதட்டில் விரல் வைத்தேன். பிரின்சிபலை வாயடைக்க வைத்த முதல் ஊழியர் நான்தான்.

உள்ளே நாற்காலி மறுபடி நகர்ந்தது. பிறகு அம்மாவின் குரல், தாழ்வாக.

“அப்ப, பச்சைச் சேலை எனக்கு எடுப்பா இருக்குதுன்னு நீங்க சொன்னதா பையன் சொன்னானே, அது?”

“நான் சொல்லலை” என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “எடுப்பாத்தான் இருக்குது” என்றார்.

அவர்கள் வெளியே வந்தபோது அப்பா கையில் ஒரு நல்ல சாக்ஸும், ஒரு செவந்த சாக்ஸும் இருந்தன. கிரி சுவரோடு ஒட்டி நின்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அவ என்னைய இத்தனை பாராட்டுனப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருக்கோணும் மேடம்” என்று என்னிடம் சொன்னார்.

“கால் ஜில்லுனு இருக்கும், முதல்ல போடு” என்று அம்மா குனிந்து மகனின் காலைப் பிடித்தார். அப்புறம் தலையைத் தூக்காமலே கணவரிடம் சொன்னார். “டின்னைக் கொண்டாங்க. எங்கண்ணன் ஆர்டர் குடுக்கலேன்னா என்ன, நான் குடுக்கறேன்.”

பிரின்சிபல் சார் எனக்குக் கைகொடுத்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனதோ என்ற கவலையோடு திங்கட்கிழமை காத்திருந்தேன். அவர்களை நேராகப் பேச வைத்தோம், சரி. நேராகப் பேசினால் என்னென்ன பேசுவார்களோ. இடைவேளையில் கிரி வந்தான். சாக்ஸ் காய்ந்திருந்தது. வாசலில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்து, ஹீட்டர் இல்லாத பக்கமாகவே உட்கார்ந்தான்.

“மாமா வர்க்கியைச் சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாருங்க மிஸ். கல்லு மாதிரிதான் இருக்குதுன்னாரு. அப்பா, ‘பல்லைக் காட்டு மச்சான், பல்லு மேல தப்பா இருக்கும்’னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. டின்னு காலி.”

“அம்மா?”

“போகும்போதே குன்னூர் பஸ் ஸ்டாண்டுலயே சண்டை ஆரம்பிச்சுட்டாங்க மிஸ். பஸ்ஸு பர்லியார்ல டீக்கு நின்னப்பவும் சண்டை நிக்கலையாம். கண்டக்டர் வந்து கொஞ்சம் மெதுவாப் பேசுங்கன்னாராம்.”

“அவ்வளவு என்ன சண்டை?”

“தெரியலீங்க மிஸ்” என்றான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. “எப்பவும் நடு சீட்டு எனக்குத்தான். இந்தத் தடவை என்னைய ஜன்னலோரம் உக்கார வெச்சுட்டாங்க. நான் தூங்கிட்டேன்.”